முழுப்பேர்

நான் எழுதிப் பழகிய முதல் கணக்கு அம்மாவின் கொழுந்துக் கணக்கு. மலையிலிருந்து வந்ததும் கூடையை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கவிழ்த்து வைத்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறி, காலில் ஏறியிருக்கும் அட்டையை உப்புத் தொட்டுக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுப்பு மூட்டப் போவதற்கு முன்னால் சொல்வார்: "எழுதிக்க புள்ள. காலையில ஏழு, பகல்ல ஆறரை, பின்னேரம் அஞ்சு." நான் பழைய சிஆர் கொப்பியின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிக் கூட்டுவேன். பதினெட்டரை. அந்த நாளில் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 16 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். அதற்குக் கீழே போனால் அரைப்பேர், மேலே போகிற கிலோவுக்குத் தனிக்காசு.

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பதிவாவது. "இந்த மாசம் எத்தன பேர்?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் விழுந்தது என்று அர்த்தம். அரைப்பேர் விழுந்த நாள் என்றால், காலையிலிருந்து மழையில் நின்றும் பாதி ஆளாகத்தான் எண்ணப்பட்டாள் என்று அர்த்தம்.

1993இல் எனக்குப் பதினொரு வயது. ஒரு சம்பள நாள் இரவு, குப்பி லாம்பு வெளிச்சத்தில் அம்மா சம்பளத் துண்டை என்னிடம் நீட்டி "என்னா போட்டிருக்காங்க பாரு" என்றார். அம்மா அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவர், தன் பேரைத் தமிழில் எழுதுவார், அந்தத் துண்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளும் கட்டங்களும் அவருக்குப் பிடிபடாது. எனக்கும் பாதிதான் பிடிபட்டது. வேலை நாள், கூடுதல் கிலோ, அதற்குக் கீழே பிடிப்புகள் வரிசையாக: ஈபிஎஃப் என்கிற சேமலாப நிதி, சங்கச் சந்தா, அட்வான்ஸ், அரிசி, மா, தேயிலைத்தூள், கோயில் பணம், டோபி. நான் கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொப்பியில் 23 நாள். துண்டில் இருபத்தொன்றரை. மூன்று நாளுக்கு அரைப்பேர் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்று நாளும் எது எது என்று தேடிப் பார்த்தால், கொழுந்தின் தண்ணிக்கும் சாக்கின் எடைக்கும் கழித்த பிறகும் பதினாறைத் தாண்டிய நாட்கள்தான் எல்லாமே.

அம்மா மறுநாள் கொப்பியைப் படங்குக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஆபிசுக்குப் போனார். அதுவரை தன் கணக்கைக் கேட்டு அவர் ஆபிஸ் வாசலில் நின்றதே கிடையாது. கிளாக்கர் புரட்டிப் பார்த்துவிட்டு "இது யார் எழுதினது?" என்று கேட்டாராம். "எங்க மக." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதத் துண்டில் விடுபட்ட ஒன்றரைப் பேரும் சேர்ந்து வந்தது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லவே தெரியவில்லை.

ஆனால் அந்தக் காசு அம்மாவின் கைக்கு வரவில்லை. சம்பளத்தன்று ஆபிஸ் ஜன்னலில் வரிசையில் நின்றது அப்பா. பெண்டாட்டி சம்பளத்தையும் சேர்த்துப் புருஷனே வாங்குவது வரிசைக் காம்பராக்களில் நாங்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் வழக்கம், பக்கத்து லயத்திலும் வழக்கம். அந்த நேரத்தில் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். அப்பா கெட்டவர் கிடையாது, எங்களை அடித்ததில்லை. சம்பளத்தை வாங்கினார், கடைக் கடனைக் கொடுத்தார், டவுனில் கூட்டாளிகளோடு இருந்துவிட்டு இருட்டிய பிறகு வந்தார், மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தார். எவ்வளவு மிச்சம் என்பதை அவர்தான் முடிவு செய்தார். நான் கூட்டிக் கண்டுபிடித்த ஒன்றரைப் பேர் எந்தக் கடைக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

பெண் படித்தால் முன்னேறிவிடுவாள் என்று மேடையில் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்றரைப் பேர்தான் ஞாபகம் வருகிறது. நான் கணக்கு டீச்சர். படிப்பை நம்பித்தான் பதினெட்டு வருடத்துக்கு மேலாக வகுப்பில் நிற்கிறேன். ஆனால் படிப்புக்கும் காசுக்கும் நடுவே எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன, ஒவ்வொரு ஜன்னலிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பேசினால் அந்தப் பேச்சு எங்கள் பெண்களுக்கு உதவாது.

அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கைநாட்டு. அவருடைய காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு ஷெட், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்ற சட்டம் 1920லேயே வந்துவிட்டது, ஆனால் தம்பியை இடுப்பில் வைத்திருக்கிற பெண் பிள்ளையை அந்த ஷெட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு எந்தச் சட்டமும் வரவில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து நாட்டில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் மேலே வந்தபோது, தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1948இல் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டார்கள். நாடற்ற குடும்பத்தில் ஒரு பெண் எப்படியோ படித்துவிட்டாலும் அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட முடியாது. இந்தியாவோடு 1964 ஒப்பந்தம், அப்புறம் 1988, கடைசியாக 2003 சட்டம் என்று அந்த முடிச்சு அவிழ 55 வருடம் ஆனது. "அந்தக் காலத்துல ஏன் படிக்கல" என்று இன்றைக்கும் சிலர் எங்கள் பாட்டிமாரைப் பார்த்துக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் இதையெல்லாம் ஒரு தடவை யோசித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

அந்த இருட்டிலும் எழுத்தறிந்த பெண்கள் இருந்தார்கள். மீனாட்சியம்மாள் நடேசய்யர் தானே பாட்டெழுதி, தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே நின்று பாடியவர். என் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர் பேரைச் சொன்னால் ஒரு கை கூட உயர்வதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அம்மா பேர் பதிந்தபோது பதினாறு வயது. அப்போது ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நாட்சம்பளம். அதே மலை, அதே மழை. 1984 ஏப்ரலில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. அதை எந்தப் பள்ளிக்கூடமும் வாங்கித் தரவில்லை. கொழுந்து எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்த பெண்கள் வாங்கித் தந்தார்கள். ஒரு கணக்கு டீச்சராக இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. ஒன்றாக நிற்பதும் படிப்பதும் ஒன்றுக்கு ஒன்று எதிரி கிடையாது.

சரி, இப்போது நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் படிப்பு எந்த இடத்தில் அறுந்து போகிறது என்று என்னைக் கேட்டால், பதினொன்றாம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓஎல் பரீட்சையின் கடைசி நாளுக்கும் ரிசல்ட் வரும் நாளுக்கும் நடுவில் இருக்கிற மூன்று நான்கு மாதத்தில் என்று சொல்வேன். வறுமை, குடி, இளவயதுக் கல்யாணம் என்று எல்லாக் காரணங்களும் உண்மைதான். ஆனால் அவை எல்லாம் வந்து கதவைத் தட்டுவது இந்த மாதங்களில்தான்.

நான் ஓஎல் எழுதியது 1998 டிசம்பரில். என் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் என் கூட்டாளி, ஒரே பாயில் படித்தவர்கள் நாங்கள், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. கடைசிப் பேப்பர் எழுதி நாலு நாள் கூட ஆகவில்லை, தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலை வந்தது. அவளுடைய அம்மா என் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: "சும்மாதானக்கா இருக்கா. ரிசல்ட் வர்ற வரைக்கும் போய்ட்டு வரட்டும்." ரிசல்ட் வந்தது. எட்டுப் பாடம் சித்தி, கணக்கில் அதிவிசேடம். அந்தத் தாளை அவளுடைய தம்பி வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். அதற்குள் வீட்டுக்கு அவள் அனுப்பும் காசில் கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது, சீட்டு ஒன்று பிடித்தாகிவிட்டது, தம்பியின் டியூஷனுக்கும் அதுதான். வா என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கட்டுநாயக்கவில் கார்மண்ட் ஃபேக்டரிக்குப் போனாள், பிறகு குவைத், பிறகு மறுபடி குவைத். தம்பி இன்று நல்ல வேலையில் இருக்கிறான், அக்காவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், அதையும் சொல்ல வேண்டும். அவள் நாற்பது வயதில் திரும்பி வந்தபோது கையில் இருந்தது இடுப்பு வலியும் ஒரு தையல் மிஷினும்.

நான் ஏன் போகவில்லை என்றால், அம்மா விடவில்லை. அந்த வருடம் அம்மாவுக்கு யாரோ புத்திமதி சொன்னதாகத் தெரியவில்லை, நான் கேட்டபோதெல்லாம் "ஒன் கணக்குக் கொப்பிதான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த நாலு மாதமும், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு நின்றேன், சாயங்காலம் லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன், அதற்கு ஒரு பிள்ளைக்குப் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்கள் என் பஸ் காசானது. பஸ்ஸில் போய் டவுன் பள்ளிக்கூடத்தில் ஓஎல்லுக்கு அடுத்த உயர்தர வகுப்பான ஏஎல் படித்தேன். அப்புறம் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் மூன்று வருடம். ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய அந்தக் கல்லூரிதான் மலையகத்தில் என்னைப் போல எத்தனையோ பெண்களுக்கு முதல் மாதச் சம்பளத்துக்கான வாசல்.

ஆனால் அந்த வாசலுக்குப் பிறகும் ஜன்னல்கள் உண்டு. 2015 வாக்கில் தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் எடுத்தார்கள், எங்கள் குடும்பத்திலேயே ஒரு தங்கச்சி அதில் போனாள். மாதக் கொடுப்பனவு 6000 ரூபாய். பிறகு அதை 10,000 ஆக்கினார்கள். 2016இல் கொழுந்து எடுப்பவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 730 ரூபாய். அதாவது மாதம் இருபது பேர் விழுந்த ஒரு அம்மா 14,600 எடுக்க, ஏஎல் படித்துப் புடவை கட்டி வகுப்புக்குப் போகிற மகள் அதைவிடக் குறைவாக எடுத்தாள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் அந்த அம்மாதான் கொடுத்தார். "படிக்க வச்சு என்னாத்தக் கண்டோம்" என்று லயத்தில் யாராவது சொன்னால், அவர்கள் கண்ணால் பார்த்த கணக்கு இது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த எழுத்தறியாத அம்மாமார் கிடையாது, அப்படி ஒரு தொகையை ஒரு டீச்சருக்குப் போதும் என்று எழுதியவர்கள்தான்.

இன்னொரு ஜன்னல், பாடம். எங்கள் சுற்று வட்டாரத்தில் ஏஎல் இருக்கிற பள்ளிகளில் பெரும்பாலும் கலைப் பிரிவுதான். விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருக்காது, ஆள் வந்தாலும் லேப் இருக்காது. தாதியர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஏஎல்லில் விஞ்ஞானமோ கணிதமோ எடுத்திருக்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கிழவிக்கு எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க ஒரு நர்ஸ் இல்லாமல் துப்புரவு வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நர்ஸாக வந்திருக்க வேண்டிய பிள்ளை பத்தாம் வகுப்பில் என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி, அவள் போகக்கூடிய தூரத்தில் உயிரியல் வகுப்பு கிடையாது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீத இடம் ஒதுக்குகிறார்கள், நுவரெலியாவும் பதுளையும் அதில் உண்டு, அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகுப்பே இல்லாத பாடத்துக்கு வெட்டுப்புள்ளியைக் குறைத்து என்ன பிரயோசனம்?

சிங்களத்தையும் சொல்ல வேண்டும். டவுனில் பேங்க், காப்புறுதி, மருந்துக்கடை, எங்கே போனாலும் இரண்டு மொழியும் பேசுகிறவளுக்குத்தான் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து பாடம் இருக்கிறது, பேசிப் பழக ஆள் இல்லை. என் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது இதைத்தான், ஃபோனில் பாட்டுக் கேட்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடு என்று.

இப்போது மறுபடி அம்மாவிடம் வருகிறேன், ஏனென்றால் படிப்பு என் குடும்பத்தில் காசாக மாறிய நாளை நான் கண்ணால் பார்த்தேன், அது என் முதல் சம்பள நாள் கிடையாது.

2010இல் அம்மாவுக்கு ஐம்பது வயது. பெண்கள் ஐம்பது வயதில் ஈபிஎஃப் எடுக்கலாம். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததும், அதோடு தோட்டம் போட்ட பங்கும் முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. ஆனால் செக்ரோலில் அம்மாவுக்கு ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து. எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை என்று மலையகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய பேர்தான் நம்முடைய பேர். லயத்தில் ஒரு புரோக்கர் இதை முடித்துத் தர பத்தில் ஒரு பங்கு கேட்டார். நான் ஒரு லீவு நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் சத்தியக் கடதாசி முடித்தேன், படிவம் நிரப்பினேன், ஒரு தாளைத் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி நிரப்பினேன், அதற்கு முன்னால் அம்மாவின் பேரில் தனியாக ஒரு பேங்க் புத்தகம் திறந்தேன். கவுண்டரில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அம்மா பேனாவை வாங்கி, தன் பேரை எழுத்துக் கூட்டி, மெதுவாக, கோட்டுக்கு மேலே ஒரு எழுத்தும் போகாமல் எழுதினார். பின்னால் வரிசை நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை.

காசு நேராக அந்தப் புத்தகத்தில் விழுந்தது. எந்த ஜன்னலிலும் அப்பா நிற்க வேண்டியிருக்கவில்லை. அப்பா ஒரு நாள் இரவு சாப்பிடும்போது "எவ்வளவு வந்திச்சி?" என்று கேட்டார். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே "பேங்க்ல இருக்கு" என்றார். தொகையைச் சொல்லவில்லை. அப்பாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதில் ஒரு பங்கைத் தங்கச்சி கண்டியில் தங்கிக் கணினி டிப்ளோமா படிக்கக் கொடுத்தார், அடகில் கிடந்த தன் தோட்டை மீட்டார், மிச்சத்தை நிரந்தர வைப்பில் போட்டார். மூன்றையும் அவரே முடிவு செய்தார், என்னிடம் கூடக் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது, அப்புறம் யோசித்துப் பார்த்தபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

இன்று நாட்சம்பளம் உயர்ந்திருக்கிறது. 2021இல் 1000 ஆனது, 2024இல் அடிப்படை 1350. ஆனால் இந்த வருடமும் ஓஎல் முடிந்த வாரத்தில் நான் லயம் லயமாக நடந்தேன். 2024இல் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஓஎல் முடிந்த கையோடு ஏஎல் வகுப்பைத் தொடங்கச் சொல்லிக் கல்வி அமைச்சு அறிவித்தபோது, மலையகத்தில் என்னைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் இருந்திருக்க மாட்டார். நான் இத்தனை வருடம் கத்திக்கொண்டிருந்தது அதைத்தான். ஆனால் எங்கள் பள்ளிக்கூடம் பதினொன்றாம் வகுப்போடு முடிகிறது. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு கிலோமீட்டர். சீசன் டிக்கெட் அரசாங்கத்தின் சீடிபி பஸ்ஸில் மட்டும்தான் செல்லும், காலையில் ஒரே ஒரு சீடிபி, அதை விட்டால் பிரைவேட் பஸ்ஸுக்குக் கைக்காசு வேண்டும். அறிவிப்பு கொழும்பிலிருந்து எங்கள் சந்தி வரைக்கும் வந்துவிட்டது, சந்தியிலிருந்து வகுப்பு வரைக்கும் பிள்ளைதான் போயாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தின் மேல் பகுதியான மேல்டிவிசனில் ஒரு வீட்டுக்குப் போனேன். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி என்று மேலே எழுதினேனே, அதே போல இன்னொருத்தி, அவளுக்கு வணிகக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. காம்பரா மூலையில் ஒரு புது பேக் இருந்தது, பிரைஸ் ஒட்டிய ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை. கொழும்பில் புடவைக்கடை, மாதம் 30,000, சாப்பாடும் தங்குமிடமும். அவளுடைய அம்மா எனக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு மாசந்தானே டீச்சர். ரிசல்ட் வந்தோன்ன கூட்டிட்டு வந்துருவோம்."

நான் சண்டை போடவில்லை. அந்த அம்மாவுக்கு அந்த மாதம் பதினோரு பேர்தான் விழுந்திருந்தது, மழையும் காய்ச்சலும். 30,000 என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் என் கூட்டாளியின் கதையைச் சொன்னேன், அலமாரியில் இருந்த ரிசல்ட் தாள் வரைக்கும். பிறகு என் அம்மாவின் பேங்க் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சீசன் டிக்கெட்டுக்கான படிவத்தை நிரப்பி அங்கேயே வைத்தேன், டவுன் பள்ளிக்கூட அதிபரோடு பேசிவிட்டதாகச் சொன்னேன், லயத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் மாதம் எவ்வளவு வரும் என்று அவளையே ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டச் சொன்னேன். 30,000 வராது. அவளும் எழுதிப் பார்த்துவிட்டு "வராது டீச்சர்" என்றாள். ஆனால் கொப்பியை மூடவில்லை, கீழே இன்னொரு கோடு போட்டு பஸ் காசையும் சாப்பாட்டையும் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வாசலில் நின்று அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நாளை திங்கட்கிழமை. ஆறே காலுக்கு மேல்டிவிசன் சந்தியில் சீடிபி நிற்கும், நானும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். பக்கத்தில் ஒரு சீட் பிடித்து வைக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.